சூரியக் காற்றும் ஒரு பத்திரிகை ஆசிரியரும்

வால்நட்சத்திரம் சூரியனை நோக்கி வரும்போது அதன் வால் பின்னால் நீண்டிருக்கும். சூரியனைச் சுற்றிவிட்டு விலகிப் போகும்போது அதே வால் முன்னால் போகும். எந்நிலையிலும் வால் சூரியனுக்கு எதிர்ப்புறம்தான். சூரிய ஒளியின் அழுத்தம்தான் தள்ளுகிறது என்று விளக்கம் சொல்லிவந்தார்கள். மின்னேற்றம் பெற்ற வாயுவாலான வாலைத் தள்ள அந்த அழுத்தம் போதாது என்று 1951-இல் ஜெர்மானியரான லுட்விக் பியர்மன் காட்டினார். சூரியனிலிருந்து எல்லாத் திசைகளிலும், இடைவிடாமல், விநாடிக்குப் பல நூறு கிலோமீட்டர் வேகத்தில் துகள்கள் வெளியேறிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவர் முடிவு.

சிட்னி சாப்மன் வேறு திசையிலிருந்து வந்தார். சூரியனைச் சூழ்ந்திருக்கும் கரோனாவின் வெப்பம் பத்து லட்சம் டிகிரிக்கு மேல். அவ்வளவு சூடான வாயு வெப்பத்தை வெகுதூரம் கடத்தும். ஆகவே கரோனா பூமியையும் தாண்டிப் பரவியிருக்க வேண்டும். ஆனால் அது நிலைத்து நிற்பது, ஓடுவதல்ல. ஒருவர் கணக்கில் வெள்ளம், மற்றவர் கணக்கில் தேக்கம். ஒரே வெளியில் இரண்டும் இருக்க முடியாது.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் அப்போது முப்பது வயதைத் தொட்டுக்கொண்டிருந்த யூஜின் பார்க்கர், இவை இரண்டு பொருள்கள் அல்ல, ஒரே பொருளின் இரண்டு நிலைகள் என்றார். சாப்மனின் கரோனா நிலைத்து நிற்கிறது என்று கொண்டால் மிகத் தொலைவிலும் அதற்கு ஓர் அழுத்தம் மிஞ்சுகிறது. நட்சத்திரங்களுக்கிடையே உள்ள மெல்லிய வாயுவால் அந்த அழுத்தத்தைத் தாங்கி நிறுத்த முடியாது. ஆகவே கரோனா நிற்க முடியாது. விரிந்தே ஆக வேண்டும். சூரியனுக்கு அருகில் ஈர்ப்பின் பிடியில் மெதுவாக நகரும் வாயு, விலக விலக வேகம் கொண்டு ஒலியின் வேகத்தையும் மீறுகிறது. அதற்கு அவர் வைத்த பெயர் சூரியக் காற்று. கணிதம் சில வரிகளில் முடிந்துவிடுகிறது.

1958-இல் அவர் இதை எழுதி அனுப்பிய அஸ்ட்ரோபிஸிகல் ஜர்னலுக்கு அப்போது ஆசிரியர் சுப்ரமணியன் சந்திரசேகர். 1952 முதல் 1971 வரை அந்தப் பத்திரிகையை நடத்தியவர் அவர். கட்டுரையை ஒரு நிபுணரிடம் அனுப்பினார், பிறகு இன்னொருவரிடம். இருவருமே நிராகரித்தார்கள். எழுதுமுன் நூலகத்துக்குப் போய் இத்துறையைப் பற்றிக் கொஞ்சம் படித்துக்கொள்வது நல்லது என்ற தொனியில் ஒருவர் எழுதியிருந்ததாகப் பார்க்கர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். சந்திரசேகர் பார்க்கரின் அறைக்கே போய், நிபுணர்கள் இப்படிச் சொல்கிறார்களே, இதைப் பிரசுரிக்கத்தான் வேண்டுமா என்று கேட்டார். அவருக்கும் அந்தக் கருத்து பிடிக்கவில்லை. கணக்கில் தவறு எதையும் இருவரும் சுட்டவில்லையே என்பது பார்க்கரின் பதில். யோசித்துவிட்டுச் சந்திரசேகர் பிரசுரித்தார்.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஆசிரியரின் பெருந்தன்மையை அல்ல. பெருந்தன்மை என்றால் ஒரு சலுகை. சலுகை யாருக்கும் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இங்கே நடந்தது வேறு. தனக்கு உவப்பில்லாத முடிவையும் தவறான முடிவையும் அவர் பிரித்துப் பார்த்தார். தவறு என்று சொல்ல நிபுணர்களிடம் காரணம் இல்லை, தன்னிடமும் இல்லை. உவப்பின்மையை ஒரு வாதமாக அவர் எண்ணவில்லை. பிரசுரித்ததால் அவர் பார்க்கர் பக்கம் சேர்ந்துவிடவும் இல்லை.

இதே மனிதர் ஒருமுறை மறுபக்கத்தில் நின்றிருக்கிறார். சென்னை பிரெசிடென்சி கல்லூரியில் படித்து 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது அவருக்கு வயது பத்தொன்பது. வழியில் போட்ட கணக்கு, வெள்ளைக் குள்ளன் எனப்படும் அடர்ந்த நட்சத்திரத்தின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்றது. இன்றைய மதிப்பில் அது சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. அதற்கு மேற்பட்டது மேலும் மேலும் சுருங்கத்தான் வேண்டும். 1935 ஜனவரி 11-இல் லண்டனில், ராயல் வானியல் சங்கக் கூட்டத்தில் அவர் இதைச் சொல்லி முடித்ததும் ஆர்தர் எடிங்டன் எழுந்தார். சந்திரசேகர் பயன்படுத்திய சூத்திரத்தின் அடிப்படையே கோணல் என்றார். ஒரு நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்கத்தான் வேண்டும் என்றும் சொன்னார். சபை சிரித்தது. பௌலி போன்ற இயற்பியலாளர்கள் சந்திரசேகரே சரி என்று தனிப்பட்ட முறையில் சொன்னார்கள். பகிரங்கமாகச் சொல்ல அவர்கள் முன்வரவில்லை. 1939-இல் தன் வாதங்களை ஒரு புத்தகமாக எழுதி முடித்துவிட்டு அவர் அத்துறையை விட்டு விலகினார்.

1935-இன் காயம்தான் 1958-இன் முடிவு என்று ஒரு மனவியல் கதை கட்டலாம். வேண்டியதில்லை. காயம்பட்டவர்களெல்லாம் பிறருக்கு வழிவிட்டதாகச் சரித்திரம் இல்லை.

இரண்டு சர்ச்சைகளுக்கும் பொதுவானது ஒன்று உண்டு. தரையிலிருந்து இரண்டையும் தீர்க்க முடியாது. சூரியக் காற்றைப் பூமியின் காந்தப்புலம் விலக்கிவிடுகிறது. சுருங்கிய நட்சத்திரங்கள் வெளியிடும் எக்ஸ்-கதிர்களைக் காற்றுமண்டலம் விழுங்கிவிடுகிறது. வானத்துக்குக் கருவி போகும்வரை தர்க்கம் மட்டுமே கையிருப்பு. பார்க்கருக்கு மறுப்பாக ஜோசப் சேம்பர்லின் 1960-இல் இன்னொரு தீர்வை முன்வைத்தார்: கரோனா விரியலாம், ஆனால் பூமிக்கருகே விநாடிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில், அது காற்று அல்ல, தென்றல். சமன்பாடுகள் இரண்டுக்கும் இடம் தந்தன.

1959-இல் சோவியத் லூனா கலங்களில் கிரிங்காவுஸ் வைத்த கருவிகள் துகள் ஓட்டத்தை முதலில் உணர்ந்தன. 1962 ஆகஸ்ட் 27-இல் வெள்ளிக் கிரகத்துக்குக் கிளம்பிய மாரினர் 2, வழிநெடுக மாதக்கணக்கில் அளந்தது. காற்று ஒரு நாளும் நிற்கவில்லை. வேகம் விநாடிக்குச் சுமார் 400 முதல் 700 கிலோமீட்டர். மார்சியா நியூகபாவரும் கான்வே ஸ்னைடரும் அந்த அளவீடுகளை வெளியிட்டதும் தென்றல் வாதம் முடிந்தது.

அதே 1962-இல், ஜூன் 18 இரவு, நியூ மெக்ஸிகோவிலிருந்து ஒரு ராக்கெட் ஏறியது. ரிக்கார்டோ ஜியாக்கோனியும் தோழர்களும் தேடியது சூரியக் கதிர் பட்டு நிலவு வெளியிடக்கூடிய எக்ஸ்-கதிர்களை. ஆறு நிமிஷத்துக்கும் குறைவான நேரத்தில் கிடைத்ததோ விருச்சிக ராசித் திசையில் ஒரு பிரகாசமான மூலம். சூரியனின் எக்ஸ்-கதிர் அளவை வைத்துக் கணக்கிட்டவர்கள், வேறு நட்சத்திரங்களின் கதிர் அன்றைய கருவிகளுக்கு எட்டாது என்றே நினைத்திருந்தார்கள். 1970 டிசம்பர் 12, கென்யாவின் சுதந்திர தினத்தன்று, அதன் கரையோரக் கடல்மேடையிலிருந்து ஏறிய உஹுரு (ஸ்வாஹிலியில் சுதந்திரம்) இப்படி 339 மூலங்களைப் பட்டியலிட்டது. பல, துணை நட்சத்திரத்திலிருந்து வாயுவை இழுத்துக்கொள்ளும் நியூட்ரான் நட்சத்திரங்கள். சிக்னஸ் எக்ஸ்-1 ஒரு கருந்துளை; இன்றைய மதிப்பீட்டில் அதன் நிறை சூரியனைப்போல் சுமார் 21 மடங்கு. எடிங்டன் வேண்டிய விதி இயற்கையில் இல்லை.

சந்திரசேகர் மறுத்திருந்தாலும் மாரினர் அந்தக் காற்றை அளந்திருக்கும். காற்று யார் அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. ஆனால் காரணம் தெரியாத அளவாக அது கிடைத்திருக்கும். ஏன் வீசுகிறது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் தொடங்கியிருக்கும்.

1999-இல் ஏவப்பட்ட எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கிக்குச் சந்திரா என்று பெயர். சந்திரசேகர் 1995-இல் இறந்துவிட்டிருந்தார். 2018-இல் சூரியனை நோக்கிப் போன கலத்துக்குப் பார்க்கர் பெயர். தொண்ணூற்றொரு வயதில் அவர் அதைப் பார்த்து வழியனுப்பினார், 2022-இல் காலமானார். 2024 டிசம்பர் 24 அன்று அந்தக் கலம் சூரியனின் மேற்பரப்புக்கு 61 லட்சம் கிலோமீட்டர் அருகில் சென்றது. அதன் கேள்விகளில் ஒன்று, 5,500 டிகிரி மேற்பரப்புக்கு மேலே கரோனா எப்படிப் பத்து லட்சம் டிகிரியைத் தாண்டுகிறது என்பது. பார்க்கர் 1958-இல் அந்த வெப்பத்தை இருக்கிறபடி எடுத்துக்கொண்டுதான் கணக்குப் போட்டார். அதற்கான காரணம் பற்றி, ஒன்றுக்கொன்று உடன்படாத கட்டுரைகள் இன்றும் பிரசுரமாகிக்கொண்டிருக்கின்றன.