அழுத்தமும் ஓட்டமும்



மருத்துவர் நம் கையில் பட்டையைச் சுற்றி அளந்து, 120, 80 என்று இரண்டு எண்களைக் கூறுகிறார். இதயம் சுருங்கும்போது தமனியில் எழும் உச்ச அழுத்தம் முதல் எண். அது ஓயும்போது எஞ்சுவது இரண்டாம் எண். இவற்றைக்கொண்டு, இதயம் நிமிடத்திற்கு எவ்வளவு குருதியை வெளியேற்றுகிறது என்று கணக்கிட இயலுமா?

முதன்முதலில் அழுத்தத்தை அளந்தவர் இங்கிலாந்தில் டெடிங்டன் என்னும் ஊரில் மதகுருவாயிருந்த ஸ்டீபன் ஹேல்ஸ். பெண்குதிரை ஒன்றின் தமனியோடு அவர் இணைத்த கண்ணாடிக் குழாயில் குருதி 8 அடி 3 அங்குலம் உயர்ந்தது. ஓட்டத்தை அறியவோ அவர் வேறு வழியை நாடினார். இறந்த விலங்கின் இதயத்தில் மெழுகை வார்த்துக் கீழறையின் கொள்ளளவைக் கண்டு, அதனை நாடித்துடிப்பால் பெருக்கினார். 1733இல் இவற்றை நூலாக வெளியிட்டார்.

1870இல் ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் ஃபிக் மற்றொரு வழி காட்டினார். உடல் நிமிடத்திற்கு 250 மில்லிலிட்டர் ஆக்ஸிஜனை ஏற்கிறது. நுரையீரலைக் கடக்கும் ஒவ்வொரு லிட்டர் குருதியும் 50 மில்லிலிட்டர் பெறுகிறது என்று கொள்வோம். அவ்வாறாயின் ஓட்டம் 5 லிட்டர். கணக்கு எளிது, அளத்தல் அரிது.

அழுத்தத்திற்கும் ஓட்டத்திற்கும் பாலம் அமைத்தவர் ஓட்டோ ஃபிராங்க். பழைய தீயணைப்புப் பம்பில் ஒரு காற்றறை உண்டு. விட்டுவிட்டு வரும் நீரை அது இடையறாது வெளியே தள்ளும். நெகிழும் தமனிகளும் அவ்வாறே செயற்படுகின்றன என்று 1899இல் அவர் கணித முறையில் விளக்கினார். தமனியின் நெகிழ்ச்சி தெரிந்தால், அழுத்தத்தின் ஏற்றத்திலிருந்து குருதியின் அளவை மதிப்பிடலாம்.

1904இல் அமெரிக்க அறிஞர்களான எர்லாங்கரும் ஹூக்கரும், இரண்டு அழுத்தங்களின் வேறுபாட்டை நாடித்துடிப்பால் பெருக்கினர். வேறுபாடு 40, துடிப்பு 70 எனில் 2,800. இது லிட்டர் அன்று. ஒருவரது ஓட்டத்தின் ஏற்றத்தாழ்வை ஒருவாறு உணர்த்தும் குறியே.

இங்கு ஓர் இடர் உண்டு. முதுமையில் தமனி விறைத்துவிடுகிறது. அதே அளவு குருதி பாய்ந்தாலும் வேறுபாடு 60 ஆக உயரக்கூடும்; ஓட்டம் பெருகிற்று என்று கணக்கு பொய் கூறும். குருதி இழந்த ஒருவருக்கோ குழாய்கள் குறுகி, அழுத்தத்தைச் சிறிது நேரம் தாங்கிப் பிடிக்கும். ஓட்டம் முன்னரே குறைந்திருக்கும். எண்ணை மட்டும் நம்பி வாளாவிருந்தால் உயிருக்கே கேடு நேரும்.

இன்று கணினி ஒவ்வொரு துடிப்பின் அழுத்தக் கோட்டையும் ஆராய்ந்து ஓட்டத்தை மதிப்பிடுகிறது. ஆயினும் தமனியின் நெகிழ்ச்சியைப் பற்றிய ஓர் அனுமானம் அதனுள்ளும் இருக்கிறது. விடையை மட்டும் எழுதிவரும் மாணவரிடம், "எதை வைத்துக்கொண்டு இக்கணக்கைத் தொடங்கினாய்?" என்று நான் வினவுவது வழக்கம். கருவி தரும் விடையிடமும் அதே வினாவைக் கேளுங்கள்.