தாய்மேல் விழுந்த பழி

பிள்ளைக்குத் திக்குவாய் என்றால் ஊர் முதலில் தாயைத்தான் கேட்கும். "அதட்டி அதட்டி வளர்த்தியோ?" என்று என் அம்மாவைக் கேட்காத உறவினர் இல்லை. இதே பழியை ஒரு பல்கலைக்கழகத்துப் பேராசிரியரும் சுமத்தியிருக்கிறார்.

அதற்கு முன் பழி நாக்கின்மேல் இருந்தது. 1841-இல் பெர்லின் அறுவை மருத்துவர் டீஃபன்பாக், திக்குபவர்களின் நாக்கடியில் ஆப்பு வடிவில் சதையை வெட்டி எடுத்தார். மயக்க மருந்து புழக்கத்துக்கு வராத காலம்.

தாய்மேல் பழி சுமத்திய அந்தப் பேராசிரியர், அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்து வெண்டெல் ஜான்சன். அவருக்கே திக்கும். அதனால் அவர்மேல் எனக்குக் கோபத்தைவிட வருத்தமே அதிகம். சிறுபிள்ளையின் இயல்பான தடுமாற்றத்தைப் பெற்றவர்கள் குறையென்று சுட்டிக்காட்டுவதால்தான் அது திக்குவாயாகிறது என்பது அவர் கருத்து. பேச்சுப் பயிற்சியாளர்கள் பல காலம் அதை நம்பினார்கள். 1939-இல் அவருடைய மாணவி மேரி டியூடர், டேவன்போர்ட் அநாதை இல்லத்தில் 22 குழந்தைகளை வைத்து ஆய்வு நடத்தினார். சரளமாகப் பேசிய ஆறு பிள்ளைகளிடம், திக்கல் தொடங்கிவிட்டது, சரியாகப் பேச வராவிட்டால் பேசாதே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தடுத்துக் கேட்கப் பெற்றவர்கள் பக்கத்தில் இல்லை. பிள்ளைகள் வாய் திறக்கவே கூசின. பாபநாசம் என்று சொல்ல வராமல் கும்பகோணத்துக்கு டிக்கெட் வாங்கி வழியில் இறங்கியவன் நான். அந்தக் கூச்சம் எனக்குத் தெரியும். ஆய்வேடு அச்சேறாமல் நூலகத்தில் கிடந்தது. 2001-இல் செய்தி பத்திரிகையில் வெளிவந்த பிறகே பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007-இல் மாநில அரசு 9,25,000 டாலர் இழப்பீட்டுக்குச் சம்மதித்தது.

தாய்மேல் இருந்த பழியை இறக்கியதும் அரசுப் பணம்தான். செவி, பேச்சுக் குறைகளுக்கென்று அமெரிக்க அரசு 1988-இல் தொடங்கிய ஆய்வு நிறுவனத்தில் டென்னிஸ் டிரைனாவின் குழு, தலைமுறை தலைமுறையாகத் திக்கும் பாகிஸ்தான் குடும்பங்களை ஆராய்ந்தது. 2010-இல் மூன்று மரபணுக்களில் மாற்றங்களைக் கண்டது. திக்குபவர்களில் ஒரு சிறு பங்கினருக்கே அவை காரணம். ஆனாலும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அப்ப உங்க தாத்தாகிட்டேர்ந்து வந்திருக்குமா?" என்றாள். எத்தனை வருஷத்துப் பாரம்!

சொந்தத்துக்குள் மணம் முடிக்கும் குடும்பங்களில் இத்தகைய மரபணுவைத் தேடுவது எளிது. அத்தை மகனையும் மாமன் மகளையும் கட்டும் நம் ஊரில் அப்படிப்பட்ட குடும்பங்களுக்கா பஞ்சம்? மத்திய அரசின் பேச்சு, செவி நிறுவனம் மைசூரில் 1960-களிலிருந்தே இருக்கிறது. இந்த ஆய்வுக்கென்று அங்கும், நம் மருத்துவக் கல்லூரிகளிலும் அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும். ரத்தம் கேட்டு வந்தால் என் வீட்டில் எல்லோரும் கொடுப்போம். எதற்கென்று முதலில் விளக்கட்டும். நான் கேள்வி கேட்டு முடிக்கும்வரை பொறுத்திருக்கட்டும்.