போன விண்கலமே திரும்பி வந்து மறுபடியும் பறக்குமா? 'ரீயூசபிள்' கனவு தொடங்கிய கதை!

செங்கல்பட்டு மாவட்டம் திருவிடந்தை கடற்கரையில் இருந்து 2024 ஆகஸ்ட் 24-ம் தேதி விண்ணில் ஏவப்பட்டது 'ரூமி-2024'. மறுபடியும் பயன்படுத்தக்கூடிய ஹைபிரிட் ராக்கெட் என்பதுதான் இதன் சிறப்பு. சரி, இதே மாதிரி மனிதர்கள் போய் வரும் விண்கலத்தையும் திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடியுமா? இந்த யோசனைக்கு வயது 60-க்கும் மேல்!

முதல் முயற்சி என்ன ஆச்சு?

1957-ல் அமெரிக்க விமானப்படை 'டைனா-சோர்' திட்டத்தைத் தொடங்கியது. ராக்கெட்டின் உச்சியில் ஒரு விமானி அமரும் இறக்கை வைத்த விண்கலம். வேலை முடிந்ததும் விமானம் போலவே ஓடுபாதையில் இறங்க வேண்டும். ஆனால், ஒருமுறைகூட பறக்காமலேயே 1963 டிசம்பரில் திட்டம் கைவிடப்பட்டது.

ஸ்பேஸ் ஷட்டில் வடிவம் மாறியது ஏன்?

நாசாவின் ஆரம்பகால வரைபடங்களில் தூக்கிச்செல்லும் பூஸ்டர், மேலே போகும் விண்கலம் என இரண்டுக்குமே இறக்கை இருந்தது. இரண்டையும் விமானிகள் ஓட்டித் தரையிறக்குவார்கள், எதுவும் வீணாகாது என்பதே திட்டம். ஆனால், அதை உருவாக்கும் செலவுக்குப் பட்ஜெட் இடம் கொடுக்கவில்லை. அதனால், ஒருமுறை மட்டுமே பயன்படும் பெரிய எரிபொருள் தொட்டி விண்கலத்தின் பக்கவாட்டில் சேர்க்கப்பட்டது. 1972-ல் அதிபர் நிக்சன் ஒப்புதல் தந்தார்.

2003-ல் அந்தத் தொட்டியில் இருந்து பிய்ந்து விழுந்த நுரைத்துண்டுதான் கொலம்பியாவின் இறக்கையைச் சேதப்படுத்தியது. பூமிக்குத் திரும்பும்போது கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் உயிரிழந்தனர். 135 முறை பறந்த ஷட்டில்கள் 2011-ல் ஓய்வு பெற்றன.

இந்தியா எங்கே நிற்கிறது?

2016 மே 23-ல் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து, இறக்கை கொண்ட ஆர்.எல்.வி-டி.டி-யை இஸ்ரோ ஏவியது. ஆளில்லாத அந்தக் கலம் சுமார் 65 கி.மீ. உயரம் வரை சென்று வங்கக்கடலில் இறங்கியது. அடுத்து 'புஷ்பக்'. கர்நாடகாவின் சித்ரதுர்காவில் ஹெலிகாப்டரில் தூக்கிச்சென்று 4.5 கி.மீ. உயரத்தில் விடப்பட்ட இது, தானாகவே வழி பார்த்து ஓடுபாதையில் இறங்கியது. இந்தச் சோதனையின் மூன்றாவது சுற்று 2024 ஜூன் 23-ல் நடந்தது.

மனிதர்கள் போக வேண்டிய ககன்யான் கலமோ இறக்கை இல்லாதது. பாராசூட் உதவியுடன் கடலில் இறங்கும். ஆக, புஷ்பக் மாதிரி இறக்கை கட்டிய கலத்தில் இந்தியர்கள் பறக்க இன்னும் காத்திருக்கத்தான் வேண்டும். மிச்சம் பிடிப்பதில் அவசரம் காட்டினால் என்ன விலை கொடுக்க நேரும் என்பதற்கு கொலம்பியாவே சாட்சி!