எடை குறைந்த தடுப்பு வரிசை வீரர் (அமெரிக்கக் கால்பந்து)

அமெரிக்கக் கால்பந்தில் பந்துக்கு நேரெதிரே குனிந்து, கையைத் தரையில் ஊன்றி, எதிரணியின் தாக்குதலை முதல் அடியிலேயே மறிப்பவர்கள் தடுப்பு வரிசை வீரர்கள் (டிஃபென்சிவ் லைன்மேன்). தாம் நிற்கும் இடத்துக்கு வழக்கமாக எதிர்பார்க்கப்படும் உயரமோ எடையோ இல்லாதவரைக் குறைந்த உருவம் கொண்டவர் என்பர். வரிசையின் நடுவில் நிற்கும் டேக்கிளுக்கு இன்று 300 பவுண்டு (136 கிலோ) சாதாரணம். 285 பவுண்டு என்றாலே ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். ஓரத்தில் நிற்கும் எண்ட் என்றால் உயரத்தையும் கை நீளத்தையும் பார்ப்பார்கள். இந்த அளவுகோல் நிலையானது அன்று. 1950களில் 250 பவுண்டு ஆள் பெரிய ஆளாகவே இருந்தார்.

தொடக்க வரலாறு

இந்த வகையின் மூலவர் பில் விலிஸ். ஒகையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரத்தில் பிறந்தவர். ஒகையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பவுல் பிரவுனின் பயிற்சியில் ஆடியவர். 1946இல் பிரவுனின் பயிற்சியில் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணி ஆடத் தொடங்கியபோது அங்கும் சேர்ந்தார். அதே ஆண்டு மேரியன் மோட்லி, கென்னி வாஷிங்டன், வூடி ஸ்ட்ரோட் ஆகியோரும் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார்கள். கறுப்பின வீரர்களுக்கு அதுவரை அடைக்கப்பட்டிருந்த கதவு இந்த நால்வரால் திறந்தது.

விலிஸின் எடை ஏறத்தாழ 213 பவுண்டு, அதாவது 97 கிலோ. அன்றைய ஐவர் வரிசையின் நட்டநடுவில், சென்டருக்கு எதிரே நிற்கும் ‘மிடில் கார்டு’ இடத்துக்கு அது குறைவுதான். முதல் பயிற்சி முகாமில், சென்டர் பந்தைக் கால்களுக்கிடையே பின்னுக்குக் கொடுத்துவிட்டு நிமிர்வதற்குள் அவரைத் தாண்டிப் போயிருந்தார் விலிஸ். அடுத்த முறையும் அப்படியே. முன்கூட்டியே கிளம்புகிறார், ஆஃப்சைடு என்று முறையீடு வந்தது. பயிற்சியாளர் பிரவுன் கோட்டருகே குனிந்து, பந்தின் மட்டத்துக்குக் கண்ணை இறக்கிப் பார்த்தார். விலிஸ் முந்தவில்லை. பந்து அசைந்த கணத்தில்தான் கிளம்பினார். அந்தக் கணத்தை மற்றவர்களைவிடச் சீக்கிரமாகப் பிடித்தார், அவ்வளவுதான்.

1950இல் பிரவுன்ஸ் அணி என்.எஃப்.எல். (தேசியக் கால்பந்து லீக்) கூட்டமைப்பில் சேர்ந்தது. அவ்வாண்டின் பிளே-ஆஃப் ஆட்டத்தில் நியூயார்க் ஜயண்ட்ஸின் ஜீன் ராபர்ட்ஸ் பந்தோடு கோல் கோட்டை நோக்கி ஓட, நடுவரிசையில் நின்ற விலிஸ் பின்னாலேயே துரத்திப்போய்ச் சில கெஜம் முன்னதாக வீழ்த்தினார். பிரவுன்ஸ் 8–3 என்று வென்றது. பிறகு கோப்பையையும் வென்றது. எடை மிகுந்த மிடில் கார்டு யாரும் அந்த ஓட்டத்தைப் பிடித்திருக்க முடியாது. விலிஸ் 1977இல் புகழ்மாடத்தில் (ஹால் ஆஃப் ஃபேம்) சேர்க்கப்பட்டார்.

அதே 1950இல் வீரர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம் என்ற விதி நிலைபெற்றது. தாக்குதலுக்கு ஓர் அணி, தடுப்புக்கு ஓர் அணி என்று பிரிந்தபின், அறுபது நிமிடமும் ஓட வேண்டிய தேவை போயிற்று. மூச்சு வாங்கும் பேருடலுக்கும் இடம் கிடைத்தது. உருவம் பெருகத் தொடங்கியது இங்கேதான்.

அடுத்த பெயர் ஆலன் பேஜ். புகழ்மாடம் அமைந்திருக்கும் கான்டன் ஊர்க்காரர். அந்தக் கட்டடம் எழும்பியபோது இளைஞராக அங்கே வேலை பார்த்தவர். கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1967இல் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்திலிருந்து 15ஆவது ஆளாக அவரை மினசோட்டா வைக்கிங்ஸ் எடுத்தது. எடை 245 பவுண்டு. கார்ல் எல்லர், ஜிம் மார்ஷல், கேரி லார்சன் ஆகியோரோடு அவர் நின்ற வரிசை கூட்டமைப்பையே கலக்கியது. 1971இல் ஆண்டின் மிகச் சிறந்த வீரர் விருதை அசோசியேட்டட் பிரஸ் பேஜுக்கு வழங்கியது. தடுப்பாட்டக்காரர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் முறை. பின்னாளில் அவர் நெடுந்தூர ஓட்டத்தில் இறங்கினார். எடை 220 பவுண்டு அளவுக்கு இறங்கியது. 1978இல் எடையைக் காரணம் காட்டி வைக்கிங்ஸ் அவரை விடுவித்தது. சிகாகோ பேர்ஸ் 100 டாலர் விடுவிப்புக் கட்டணத்துக்கு அவரை எடுத்துக்கொண்டது. 1981 வரை ஆடினார். இதைவிட மலிவான பேரம் இந்த ஆட்டத்தின் வரலாற்றில் அரிது. சட்டம் படித்து, 1993 முதல் 2015 வரை மினசோட்டா உச்ச நீதிமன்ற நீதிபதியாகவும் இருந்தார். பந்தை எறியும் குவாட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்தும் ‘சேக்’ 1982இல்தான் அதிகாரபூர்வக் கணக்கில் ஏறியது என்பதால் பேஜின் சேக்குகள் ஏட்டில் இல்லை.

நிற்கும் இடமும் எண்ணும்

யார் எங்கே நிற்கிறார் என்பதைக் குறிக்கப் பயிற்சியாளர்கள் எண்களைப் பயன்படுத்துகிறார்கள். டெக்சாஸ் பள்ளி ஆட்டங்களில் பயிற்சியாளராக இருந்த பம் ஃபிலிப்ஸ் வகுத்தது இது என்பர். பரப்பியவர் பேர் பிரயண்ட். எதிரணியின் தாக்குதல் வரிசையை வைத்தே எண்ணுவார்கள். சென்டருக்கு நேரெதிர் 0. சென்டரின் தோள் 1. சென்டரை அடுத்து நிற்கும் கார்டின் வெளித்தோள் 3. அவரை அடுத்த தாக்குதல் வரிசை டேக்கிளின் வெளித்தோள் 5. அதற்கும் அப்பால், டைட் எண்டின் வெளிப்புறம் 9.

உருவம் பற்றிய சர்ச்சை முழுவதும் இந்த எண்களுக்குள் அடங்கிவிடுகிறது. 0 இடத்தில் நிற்பவருக்குப் பல அணிகளில் சென்டரின் இருபுறமும் உள்ள இரண்டு இடைவெளிகள் பொறுப்பு. எதிரில் நிற்பவரை அப்படியே தாங்கி, பந்து எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் சாய வேண்டும். அதற்கு உடல் கனம் வேண்டும். 365 பவுண்டு டெட் வாஷிங்டன் போன்றவர்கள் அங்கே பிழைத்தார்கள். 3 இடத்தில் நிற்பவருக்கு ஒரே இடைவெளி. பந்து அசைந்ததும் அதற்குள் பாய வேண்டியதுதான் வேலை. இங்கே கனத்தைவிட முதல் எட்டின் வேகம் பெரிது. குள்ளமாக இருப்பது லாபம், ஏனெனில் தாழ்ந்து புகுபவரின் தோள் எதிராளியின் நெஞ்சுக்குக் கீழே இருக்கும்.

ரசிகர் மதிப்பீடு

டிராஃப்டை ஈ.எஸ்.பி.என். 1980இல் நேரலையாகக் காட்டத் தொடங்கியது. வீரர்களை அளக்கும் கம்பைன் 1982இல் டாம்பாவில் தொடங்கி, 1987 முதல் இண்டியானாபொலிஸில் நடந்துவருகிறது. 40 கெஜ ஓட்டம், 225 பவுண்டு பளுவை எத்தனை முறை தூக்குகிறார், கை எத்தனை அங்குலம் என்ற விவரங்கள் வீட்டுக்கே வந்தபின், ஒவ்வொரு ரசிகரும் ஒரு தேர்வாளர் ஆனார். தங்கள் அணி 280 பவுண்டு டேக்கிளை எடுத்துவிட்டால் பேச்சு பெரும்பாலும் ஒரே தடத்தில் போகும். எண்டுக்கு வேகம் போதாது, டேக்கிளுக்கு எடை போதாது, இரண்டுங்கெட்டான் என்பார் ஒருவர். இரண்டு பேர் சேர்ந்து தள்ளினால் பத்து கெஜம் பின்னால் போய் விழுவான் என்பார் இன்னொருவர். கல்லூரி ஆட்டப் படங்களைப் பார்த்த மூன்றாமவர் ஓயாத எஞ்சின் என்று புகழ்வார். அணி அவரை எந்த எண்ணில் நிறுத்தப்போகிறது என்ற கேள்வி கடைசியில்தான் வரும், வந்தால்.

எடை குறைந்த ஜான் ராண்டலை 1990 டிராஃப்டில் எந்த அணியும் எடுக்கவில்லை. வைக்கிங்ஸில் எடை பார்த்தபோது உடைக்குள் சங்கிலியைச் சுற்றிக்கொண்டு நின்றார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, 137.5 சேக்குகளும் 2010இல் கிடைத்த புகழ்மாட இடமும் ஏட்டில் உள்ளவை. குறைந்த உருவம் கொண்டவர்கள் என்றே கருதப்பட்ட ஜீனோ அட்கின்ஸ் 2010இல் 120ஆவது ஆளாகவும், கிரேடி ஜாரெட் 2015இல் 137ஆவது ஆளாகவும் எடுக்கப்பட்டார்கள். அட்கின்ஸ் எட்டு முறை நட்சத்திர ஆட்டமான புரோ பவுலுக்குத் தேர்வானார். ஜாரெட் 51ஆவது சூப்பர் பவுல் இறுதிப்போட்டியில் குவாட்டர்பேக் டாம் பிரேடியை மூன்று முறை வீழ்த்தினார்.

ஏரன் டொனால்ட்

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 2013 பருவத்தில் டொனால்டுக்கு 11 சேக். கல்லூரி ஆட்டக்காரர்களுக்கான நாகுர்ஸ்கி, பெட்னாரிக், அவுட்லாண்ட், லொம்பார்டி ஆகிய நான்கு விருதுகளும் அவருக்கே. கம்பைனில் உயரம் 6 அடி 1 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, எடை 285 பவுண்டு, கை 33 அங்குலத்துக்கும் குறைவு. 40 கெஜத்தை 4.68 நொடியில் ஓடினார். பளுவை 35 முறை தூக்கினார். 2014 டிராஃப்டில் அன்று செயின்ட் லூயிஸில் இருந்த ராம்ஸ் 13ஆவது ஆளாக எடுத்தது. கிறிஸ் லாங், ராபர்ட் குவின், மைக்கேல் பிராக்கர்ஸ் என்று முதல் சுற்றில் எடுத்த மூவர் ஏற்கெனவே அந்த வரிசையில் இருந்ததால் நான்காவது எதற்கு என்ற கேள்விக்கு நியாயம் இருந்தது. அது தேவை பற்றிய கேள்வி. உருவம் பற்றிய ஐயத்துக்கு அந்த நியாயம்கூட இல்லை. முதல் ஆண்டிலேயே 9 சேக், சிறந்த புதுமுகத் தடுப்பாட்டக்காரர் விருது. 2017, 2018, 2020 ஆண்டுகளில் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது. 2018இல் மட்டும் 20.5 சேக்.

56ஆவது சூப்பர் பவுலின் (2022) கடைசி நிமிடம் இந்தச் சர்ச்சைக்கு முடிவு கட்டியது. ராம்ஸ் 23, சின்சினாட்டி பெங்கால்ஸ் 20. பெங்கால்ஸுக்கு இன்னும் ஒரு கெஜம் தேவை. மூன்றாவது முயற்சியில் பந்தோடு நடுவே புகுந்த சமாஜே பெரைனை டொனால்ட் பிடித்து நிறுத்தினார். எடை இல்லாதவரால் ஓட்டத்தைத் தாங்க முடியாது என்பார்களே, அதே இடத்தில். நான்காவதில் கார்டைக் கடந்து குவாட்டர்பேக் ஜோ பரோவைப் பிடித்துச் சுழற்ற, பரோ எறிந்த பந்து யார் கையிலும் சேரவில்லை. 111 சேக்குகளோடு 2024 மார்ச்சில் ஓய்வு பெற்றார்.

அதே 2014இல் 29ஆவது ஆளாக நியூ இங்கிலாந்து எடுத்த டொமினிக் ஈஸ்லியும் ஏறத்தாழ அதே எடை. இரண்டே ஆண்டில் அணி அவரை விடுவித்தது. கல்லூரியிலிருந்தே முழங்காலில் காயம் பட்டவர் என்பதால் இவரை எடைக்குச் சான்றாகக் கொள்வதற்கில்லை.

தற்போதைய நிலை

எட் ஆலிவரை 2019இல் பஃபலோ 9ஆவது ஆளாகவும், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கலைஜா கான்சியை 2023இல் டாம்பா பே 19ஆவது ஆளாகவும் எடுத்தன. இருவரும் 290 பவுண்டுக்குக் கீழே.