பத்தாம் எண்ணின் இரண்டாம் வாழ்க்கை

அலுவலக சர்வர் அறையோ கிளவுட்டில் ஓடும் கன்டெய்னர் க்ளஸ்டரோ, எதைத் திறந்து பார்த்தாலும் 10 என்று தொடங்கும் ஐபி முகவரி எங்காவது கண்ணில் படும். அந்த எண் ஏற்கெனவே ஒருமுறை பணி ஓய்வு பெற்றது. இணையத்தின் மூதாதையான அமெரிக்க அர்பாநெட், 1983 ஜனவரி 1 அன்று டிசிபி/ஐபி முறைக்கு மாறியபோது அதன் வலையமைப்பு எண் 10. அர்பாநெட்டை 1990இல் இழுத்து மூடினார்கள். 1,67,77,216 முகவரிகள் அடங்கிய தொகுதி ஆளில்லாத வீடாகக் கிடந்தது.

அந்தக் காலத்தில் நிறுவனங்கள் தங்களுக்குள் கணினிகளை இணைக்கும்போது கைக்கு வந்த எண்ணைப் போட்டுக்கொண்டன. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கையேட்டில் உதாரணத்துக்காக அச்சிட்டிருந்த 192.9.200 என்ற எண்ணை அப்படியே தட்டியவர்களும் உண்டு. வெளியுலகோடு சேராதவரை அதில் யாருக்கும் நஷ்டமில்லை. சேர்ந்த அன்றுதான் வினை தொடங்கும்.

இதற்கு வழி சொல்ல 1994 மார்ச்சில் யாகோவ் ரெக்டர் உள்ளிட்ட நால்வர் ஆர்எஃப்சி 1597 என்ற ஆவணத்தை எழுதினார்கள். 10இல் தொடங்குபவை அனைத்தும், 172.16 முதல் 172.31 வரை, 192.168இல் தொடங்குபவை என மூன்று தொகுதிகளை யாரும் யாரிடமும் கேட்காமல் உள்ளே ‘பிரைவேட்’ முகவரிகளாகப் பயன்படுத்தலாம். பொது இணையத்தில் அவை செல்லாது. நான்கே மாதத்தில் மறுப்பு வந்தது. எலியட் லியர் முதலானோர் எழுதிய ஆர்எஃப்சி 1627, பத்தாம் வலையமைப்பு தீங்கானது என்று தலைப்பிலேயே அடித்துச் சொன்னது. ஒரு முகவரி உலகில் ஒருவருக்கே என்ற விதி போய்விட்டால், தனித்தனியே இருந்த இரண்டு வலையமைப்புகள் நாளை ஒன்று சேரும்போது என்ன ஆகும்? இருவர் வீட்டிலும் 10.1.1.1 உட்கார்ந்திருக்குமே! 1996 பிப்ரவரியில் வந்த திருத்திய ஆவணமான ஆர்எஃப்சி 1918ஐ எழுதியவர்கள் ஐவர். ஐந்தாவது பெயர் லியருடையது. சண்டைக்கு வந்தவரையே பந்தியில் உட்காரவைத்துவிட்டார்கள்.

அவர் பயந்தது வீண் போகவில்லை. அனுமதித்த தொகுதிகளில் மோதல் வரும் என்று கருதி, யாரும் குடியேறாத எண்ணுக்குப் போனவர்கள் பட்ட பாடு இன்னும் மோசம். ஹமாச்சி என்ற விபிஎன் மென்பொருள், காலியாக இருந்த 5ஆம் தொகுதியை எடுத்துக்கொண்டது. 2010இல் அந்தத் தொகுதி இணைய முகவரிகளைப் பங்கிடும் ஐரோப்பியப் பதிவகத்துக்கு முறைப்படி ஒதுக்கப்பட்டது. ஹமாச்சி மூட்டை கட்டிக்கொண்டு 25ஆம் தொகுதிக்குப் போனது. அதுவோ பிரிட்டனின் பாதுகாப்பு அமைச்சகத்துக்குச் சொந்தமானது!

பிறகு, மென்பொருளைத் தனிப் பெட்டியில் அடைத்து ஓட்டும் கன்டெய்னர்கள் வந்தன. 2013இல் அவற்றை ஓட்டும் டாக்கர், 2014இல் அவற்றைக் கூட்டமாக மேய்க்கும் குபர்னெட்டிஸ். டாக்கர் யாரையும் கேட்காமல் 172.17இல் கடை விரிக்கும். அலுவலகத்தின் பழைய சர்வரும் அதே தெருவில் குடியிருந்தால், தகவல் பொட்டலம் கணினியை விட்டு வெளியே வராமல் உள்ளேயே சுற்றும். பிழைச் செய்தி ‘சர்வர் பதில் தரவில்லை’ என்று மட்டும் சொல்லும். இல்லாத கேபிள் பழுதைத் தேடிப் பாதி நாள் போகும்.

குபர்னெட்டிஸின் பசி வேறு வகை. அதில் கன்டெய்னர்கள் ஓடும் சிறு அலகான ஒவ்வொரு ‘பாட்’டுக்கும் தனி முகவரி வேண்டும். கூகுளின் சேவையில், மாற்றாமல் விட்டால், 110 பாட் ஓடக்கூடிய ஒரு நோடுக்கு, அதாவது க்ளஸ்டரின் ஒரு கணினிக்கு, 256 முகவரிகள் ஒதுக்கப்பட்டுவிடும். 256 நோடு போட்டால் 65,536, 192.168 தொகுதி மொத்தமும் காலி. ஒரு காலத்தில் கடலாகத் தெரிந்த 10ஆம் தொகுதியும் பெரிய நிறுவனங்களில் இப்படித்தான் வற்றியது. தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்காக 2012இல் ஒதுக்கிய 100.64இல் பாட்களைக் குடிவைக்கும் பழக்கம் வந்தது இதனால்தான்.

இந்த நெருக்கடியில் கிளவுட் நிறுவனம் ஒரு பழைய பிரைவேட் தொகுதியை ஓய்வுக்கு அனுப்புகிறது என்றால், க்ளஸ்டர் வைத்திருப்பவர் முதலில் தேட வேண்டியது கணினிகளை அல்ல, அந்த எண்ணை யார் யார் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதை. ஃபயர்வால் விதி, டேட்டாபேஸின் அனுமதிப் பட்டியல், யாரோ ஒரு ஸ்கிரிப்டில் பதித்துவிட்டுப் போன வரி. பாடின் முகவரி நிலையற்றது, பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்பதுதான் குபர்னெட்டிஸின் பாடம். அதைக் கேட்டுத் தலையாட்டியவர்களே அவசரத்தில் எண்ணை எழுதிவிடுகிறார்கள்.

தேடி முடித்ததும், வீட்டு வாசலில் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதிவைப்பதுபோல ஃபயர்வாலில் இரண்டு தொகுதிகளையும் திறந்துவைப்பார்கள். பின் நோடு நோடாக மாற்றம். ‘கார்டன்’ கட்டளை போட்டால் அந்த நோடில் புதிய பாட் ஏறாது. ‘டிரெய்ன்’ போட்டால் ஓடிக்கொண்டிருப்பவை இறங்கி வேறு நோடில் புது முகவரியோடு எழும். காலியான நோடை நீக்கிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். எல்லாம் முடிந்தபின் ஃபயர்வாலில் பழைய வரியை அழிக்க வேண்டும். அது அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும், பிறகு அடுத்த மாதத்துக்கு. அந்த வரி எதற்கென்று அறிந்தவர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார்.