வேகக் கட்டுப்பாடு – ஒரு சிறு வரலாறு

மோட்டார் கார் பிறப்பதற்கு முன்பே வேகக் கட்டுப்பாடு பிறந்துவிட்டது தெரியுமா நண்பர்களே? 1865இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம். நீராவி வண்டிகள் ஊருக்குள் மணிக்கு 2 மைல், ஊருக்கு வெளியே 4 மைல் வேகத்தில்தான் போகலாம். முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடியோடு நடக்கவும் வேண்டும்! 1896இல் வரம்பு 14 மைலானது. 1930இல் கார்களுக்கு வரம்பையே நீக்கிவிட்டார்கள். 1934இல் அங்கே சாலைகளில் இறந்தவர்கள் 7,343 பேர். மறு ஆண்டே குடியிருப்புப் பகுதிகளுக்கு 30 மைல் வரம்பு வந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். 1914, 1939, 1988 என்று மூன்று மோட்டார் வாகனச் சட்டங்கள். வேக வரம்பை மீறக் கூடாது என்பது 1988 சட்டத்தின் 112ஆம் பிரிவு. 2018இல் மத்திய அரசு கார்களுக்கு நான்குவழிச் சாலையில் 100 கி.மீ., விரைவுச்சாலையில் 120 கி.மீ. என்று வரம்பு வைத்தது. சாலையும் இன்ஜினும் மேம்பட்டுவிட்டன என்பது அரசின் வாதம். 2021இல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல், அந்த அறிவிப்பையே ரத்து செய்தது.

கணக்கைப் பாருங்கள். 100 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு வண்டி சுமார் 28 மீட்டர் ஓடிவிடும். 70இல் மோதுவதைவிட 100இல் மோதும்போது ஆற்றல் இரண்டு மடங்கு. இன்ஜின் மாறலாம், மனித எலும்பு மாறவில்லையே!

வேகமாகப் போகிறவரும் மெதுவாகப் போகிறவரும் ஒரே பாதையில் கலப்பதுதான் பெரிய ஆபத்து. ஒன்று, இருவரையும் பிரிக்க வேண்டும். இல்லையென்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். முதல் வழியை நம் நெல்லை 1973இலேயே காட்டிவிட்டது. ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் பஸ், லாரிகளுக்கு மேல் தளம். சைக்கிள், இரு சக்கர வண்டிகளுக்குக் கீழ்த் தளம்.

ஆனால் கங்கைகொண்டான், நாங்குநேரி, பணகுடி வழியாகக் கன்னியாகுமரிக்கு ஓடும் நான்குவழிச் சாலையில் எல்லா இடத்திலும் அப்படிப் பிரிக்க முடியவில்லை. வீடு ஒரு பக்கம், வயலும் பஸ் ஸ்டாப்பும் மறுபக்கம் என்றால் ஜனங்கள் குறுக்கே நடந்துதான் ஆக வேண்டும். அங்கே இரண்டாவது வழிதான் உயிர் காக்கும்.

முயன்றால் முடியும் என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி. 2016இல் சாலை விபத்துகளில் 17,218 பேரை இழந்தோம். 2018இல் அது 12,216. ஆகவே விபத்தை விதி என்று சொல்லிவிட்டு நகர முடியாது நண்பர்களே. வேக வரம்புப் பலகையில் இருக்கும் எண், எத்தனை பேர் வீடு திரும்ப வேண்டும் என்று நாம் எடுக்கும் முடிவு.