யோசெபா

1854ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் ஹொனலுலு துறைமுகத்தில் வந்திறங்கிய மார்மன் சபை ஊழியர்களுள் ஒருவருக்குப் பதினாறு வயது நிரம்ப இன்னும் ஏறத்தாழ ஏழு வாரங்கள் இருந்தன. பெயர் ஜோசப் எஃப். ஸ்மித். மார்மன் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தின் அண்ணன் மகன். 1844இல் இல்லினாய் மாநிலத்துக் கார்த்தேஜ் சிறையில் ஒரு கும்பல் சகோதரர் இருவரையும் சுட்டுக் கொன்றபோது இவருக்கு ஐந்து வயது. 1852இல் தாயும் மறைந்தார். தங்கையை அடிக்க வார் எடுத்த பள்ளி ஆசிரியரை இவர் திருப்பி அடித்துவிட, படிப்பு அதோடு முடிந்தது. பிறகுதான் சபை இவரைத் தீவுகளுக்கு அனுப்பியது. கட்டுக்கடங்காத ஓர் அனாதைப் பையனுக்கு நல்வழி காட்டும் உபாயமாகவே பெரியவர்கள் அதைச் செய்தார்கள் என்று கருதுவோரும் உண்டு. கலிபோர்னியாவில் கூரைப் பலகை அறுக்கும் வேலை செய்து, கப்பல் கூலி சேர்த்துக்கொண்டு புறப்பட்டார்.

இந்தக் கதையை முதன்முதலில் படித்தபோது நமக்கு வியப்பளித்தது ஊழியரின் வயதன்று. யாருக்குப் போதிக்க அவர் போனார் என்பதே. பாஸ்டனிலிருந்து வந்த கால்வினியப் பாதிரிமார் 1820இலேயே ஹவாயில் இறங்கி, அம்மொழிக்கு எழுத்து வகுத்து, அச்சுக்கூடமும் பள்ளிகளும் அமைத்திருந்தனர். அவர்களை அனுப்பிய அதே அமெரிக்கச் சங்கம்தான் 1816இல் யாழ்ப்பாணத்துக்கும் ஆள் அனுப்பியது. வட்டுக்கோட்டைக் குருமடத்தை அறிந்த நம் வாசகர்கள், மாவி தீவின் லஹைனாலுனா கல்லூரியை அதன் தூரத்து உறவாக எண்ணிக்கொள்ளலாம். நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஹவாய் மக்களில் பெரும்பாலோர் தம் மொழியில் எழுதப் படிக்கக் கற்றிருந்தனர். பள்ளியைப் பாதியில் விட்ட பையன், படித்த சனத்துக்கு வேதம் சொல்லப் போனான்.

ஆயினும் அந்தச் சனம் அருகிக்கொண்டிருந்தது. கப்பல்களோடு வந்த நோய்கள் தலைமுறை தலைமுறையாக அவர்களை அரித்தன. 1853இல், ஸ்மித் வருவதற்கு ஓராண்டு முன்பு, பெரியம்மை ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. 1848இல் தொடங்கிய நிலப் பங்கீட்டில் எளிய குடியானவர்களுக்குக் கிடைத்தது மிகச் சொற்பம். இளம் ஊழியர் நுழைந்த குடிசைகள் எல்லாம் இத்தகைய இழப்புகளினூடே எஞ்சியவை.

அவருக்கு ஒதுக்கப்பட்டது மாவியின் மலைச்சரிவிலுள்ள கூலா. கையில் பணம் இல்லை; மார்மன் ஊழியர்களுக்குச் சம்பளமும் இல்லை. ஊரார் போட்டதே சோறு. ஏறத்தாழ நூறு நாள்களில் ஹவாய் மொழியில் பேசவும் போதிக்கவும் தேறிவிட்டார். சபையினர் இதைத் தெய்வ வரம் என்பார்கள். வரமோ என்னவோ, வேறெந்த மொழியும் புழங்காத வீடுகளில் உண்டு உறங்கிய பிள்ளைக்கு மொழி சீக்கிரம் படிவதில் அதிசயமில்லை. அங்கே அவர் ஜோசப் அல்லர், யோசெபா. நம் விவிலியத்து யோசேப்புக்கு ஆங்கில ஜோசப்பைவிட இந்த யோசெபா நெருங்கிய சொந்தம்.

உணவைப் பற்றியும் சொல்லவேண்டும். சேப்பங்கிழங்கை வேகவைத்து, கல்லால் இடித்துக் கூழாக்கி, சில நாள் புளிக்கவிட்டு விரலால் வழித்து உண்பார்கள். அதன் பெயரைத் தமிழில் எழுதினால் பொய் என்றே வரும். ஆனால் அத்தீவுகளில் அதைவிட மெய்யான உணவு வேறில்லை. அந்தப் புளிப்பு வெளியாருக்கு எளிதில் பிடிபடுவதில்லை.

அவர் எழுதிய முதல் நாட்குறிப்புகள் லனாய் தீவில் நேர்ந்த ஒரு தீவிபத்தில், துணிமணி, புத்தகங்களோடு எரிந்துபோயின. அதன்பின், அவருக்கும் உடனிருந்த தோழருக்கும் உடுக்கத் தகுந்த உடை ஒன்றே இருந்ததாம். ஒருவர் அதை அணிந்து கூட்டத்துக்குப் போனால் மற்றவர் படுக்கையில் கிடப்பாராம். எஞ்சியிருக்கும் 1856, 1857ஆம் ஆண்டுக் குறிப்புகளைப் புனிதர் வரலாறாகப் படிக்க முடியாது. வீடுகளின் அழுக்கு, உணவின் மீது அருவருப்பு, மக்களின் மீது சினம், கடுஞ்சொற்கள் எல்லாம் அவற்றில் உண்டு. அந்நாளில் அவர் கண்ட கனவொன்றைப் பிற்காலத்தில் பலமுறை சொன்னார். குளித்து, தூய வெள்ளுடை உடுத்திக்கொண்டு ஒரு மாளிகைக்குள் போகிறார். இறந்துபோன சிற்றப்பா, தாமதமாக வந்தாய் என்கிறார். ஆம், ஆனால் நான் சுத்தமாக இருக்கிறேன் என்று இவர் பதில் சொல்கிறார். சபையினர் இதை ஆன்மத் தூய்மையின் கனவாகப் படிக்கின்றனர். நமக்கோ, கந்தலுடுத்தி வீட்டை நினைத்து ஏங்கும் பிள்ளையின் கனவாகவும் அது தோன்றுகிறது.

மொலோகாய் தீவில் கடுங்காய்ச்சல் கண்டு நெடுநாள் கிடந்தபோது அவரைத் தன் வீட்டில் வைத்துப் பேணியவர் மனுஹியி என்னும் ஹவாய்ப் பெண். நாட்குறிப்பின் கடுஞ்சொற்களையும் இந்தப் பராமரிப்பையும் ஒருசேர வைத்துப் பார்ப்பது சற்றுச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஊட்டியவர் கைக்கு அழுக்கு என்று எழுதியவனும் அந்தக் கையால் பிழைத்தவனும் ஒருவனே.

1857இல், கூட்டாட்சி அரசின் படை யூட்டாவை நோக்கி வந்ததால் ஊழியர்கள் திரும்ப அழைக்கப்பட்டனர். பத்தொன்பது வயதை எட்டும் தறுவாயில் தீவை விட்டுப் போனார். 1864இல் ஒருமுறை திரும்பி வந்தார். வால்டர் மர்ரே கிப்சன் என்பவர் ஹவாய் மார்மன்களிடம் சேர்த்த பொருளைக் கொண்டு லனாயில் நிலம் வாங்கித் தம் பெயரில் எழுதிக்கொண்டிருந்தார். அவரை விசாரித்து விலக்க வந்த குழுவுக்கு ஸ்மித்தின் மொழியறிவு தேவைப்பட்டது. கிப்சன் விலக்கப்பட்டார், நிலத்தை விடவில்லை. பிற்பாடு அவர் ஹவாய் அரசின் தலைமை அமைச்சராகவே ஆனது தனிக்கதை. பிறகு 1885 முதல் 1887 வரை, பலதார மணத்துக்காக அமெரிக்க அரசு தேடியபோது, ஓவாஹு தீவின் லாயே என்னும் சபைப் பண்ணையில் ஸ்மித் ஒளிந்து வாழ்ந்தார். ஆக, தீவு அவரை மறைத்து வைத்துக் காத்தது.

1901இல் சபையின் தலைவரானார். அதன்பின் ஒருமுறை ஹொனலுலுவில் இறங்கியபோது நடந்ததை உடன் வந்த சார்ல்ஸ் நிப்லி எழுதிவைத்திருக்கிறார். மாலைகளோடு திரண்ட கூட்டத்தில், கண் தெரியாத ஒரு முதுகிழவி, சில வாழைப்பழங்களைக் கையில் ஏந்தி, யோசெபா, யோசெபா என்று கூப்பிட்டுக்கொண்டு நின்றாராம். ஸ்மித் ஓடிப்போய் அம்மா, அம்மா என்று கட்டிக்கொண்டார். அவர்தான் மனுஹியி. பழம் அந்தப் பிள்ளைக்குக் கொண்டுவந்தது.

மார்மன் நூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் கதையை முடித்துவிடும். நமக்கு அப்படி முடிக்க மனம் வரவில்லை. ஏனெனில் யோசெபா என்ற பெயரில் ஓர் ஊரும் இருந்தது.

சீயோனில் கூடவேண்டும் என்ற போதனையைக் கேட்டு யூட்டாவுக்குக் குடியேறிய ஹவாய் மக்களைச் சால்ட் லேக் நகரத்து வெள்ளையர் அண்டவிடவில்லை. 1889 ஆகஸ்டில் சுமார் ஐம்பது பேர், நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தள்ளி, ஸ்கல் வேலி என்னும் வறண்ட பள்ளத்தாக்கில் குடியமர்த்தப்பட்டனர். மண்டையோட்டுப் பள்ளத்தாக்கு என்றே பொருள். கடலையும் சேம்பு வயலையும் அறிந்தவர்கள் பனி பெய்யும் பாலையில் கால்வாய் வெட்டி, மாடு மேய்த்து, மரம் நட்டு, ஊருக்கு யோசெபா என்று பெயரிட்டார்கள். நிலமும் நிர்வாகமும் சபை சார்ந்த ஒரு கம்பெனியிடம் இருந்தன. அவர்கள் அதன் கூலியாட்கள். 1896இல் சிலருக்குத் தொழுநோய் கண்டபோது ஊருக்கு வெளியே தனி வீடு கட்டிப் பிரித்து வைத்தனர். எல்லாவற்றையும் மீறி அந்த ஊர் செழித்தது. 1911இல் யூட்டாவில் நன்கு பேணப்பட்ட ஊர் என்று பரிசும் பெற்றது. ஒரு கட்டத்தில் இருநூறு பேருக்கு மேல் அங்கு வாழ்ந்தனர்.

1915 ஜூன் முதல் நாள் ஸ்மித் லாயேயில் ஓர் ஆலயத்துக்கு இடம் அர்ப்பணித்தார். வழிபாட்டுக்காக யூட்டாவுக்கு வந்தவர்களுக்கு இனி அங்கே இருக்கக் காரணமில்லை என்றாயிற்று. 1917க்குள் ஊர் காலியானது. நிலம் ஒரு கால்நடைக் கம்பெனிக்கு விற்கப்பட்டது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், தாம் பார்த்தேயிராத தாய்நாட்டுக்குக் கப்பலேறினர். இந்த முடிவு கடன் தீர்த்ததா, இல்லை மறுபடியும் ஒரு பெயர்த்தெடுப்பா என்று நமக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. 1918 நவம்பரில் ஸ்மித் இறந்தார். ஆலயம் அடுத்த ஆண்டு நவம்பரில்தான் திறக்கப்பட்டது.

வீடுகள் போய்விட்டன. இடுகாடு இருக்கிறது. அமெரிக்கர் இறந்தோரை நினைவுகூரும் மே மாதக் கடைசி வாரத்தில், ஹவாய் வம்சத்தவர் ஆண்டுதோறும் அங்கு கூடிக் கல்லறைகளில் மலர் வைத்து, குழி தோண்டிக் கல் சூடாக்கிப் பன்றியிறைச்சி வேகவைத்து, சேர்ந்து உண்கிறார்கள்.